ஒரே ஊரில் இரண்டு பத்தாம் நம்பர்

என் மாமாவைக் கல்யாணத்துக்கு அழைப்பதில் எங்கள் சொந்தக்காரர்களுக்கு ஒரு தயக்கம் இருந்தது. அவர் குடிக்க மாட்டார், சண்டை போட மாட்டார், பந்தியில் குறை சொல்ல மாட்டார். ஆனால் மாப்பிள்ளைக்குக் கை கொடுக்கிற சாக்கில் அவருடைய கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்துவிடுவார். பார்த்தது பார்த்ததாக இருந்தாலும் பரவாயில்லை. நேராகப் பெண்ணின் அப்பாவிடம் போய், "சிங்கப்பூர்னா சொன்னாங்க? ம்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிடுவார். அந்த "ம்" சம்பந்திகளுக்குள் மூன்று மாதம் ஓடும்.

மாமா என் அம்மாவின் தம்பி. நாகூரில் வெளிநாட்டுச் சாமான் விற்கும் ஒரு கடையில் வேலை பார்த்தார். தர்காவுக்கு வருகிறவர்கள் வேண்டுதலை முடித்துக்கொண்டு திரும்பும்போது அந்தக் கடையில் ஒரு டார்ச் லைட்டோ சென்ட் பாட்டிலோ வாங்கிக்கொண்டு போவார்கள். கடையில் கப்பலில் வந்த சாமானும் இருந்தது, கப்பலைக் கண்ணாலேயே பார்க்காத சாமானும் இருந்தது. இரண்டையும் ஒரே அலமாரியில் அடுக்குவதுதான் மாமாவின் வேலை. அடுக்கி அடுக்கி, கண்ணை மூடிக்கொண்டு தடவினாலே எது ஒரிஜினல், எது டூப்ளிகேட் என்று சொல்லும் அளவுக்கு அவருடைய விரல்கள் தேறியிருந்தன. இந்த அறிவை வாடிக்கையாளர்களிடம் காட்டக் கூடாது என்பது கடை முதலாளியின் உத்தரவு. அதனால் மொத்தத்தையும் சொந்தக்காரர்களிடம் காட்டினார்.

எனக்கு அப்போது பத்து வயது. கீழ்வேளூரிலிருந்து மூன்று மைல் தள்ளி எங்கள் ஊர். அதற்கு முந்தின வருஷம் கால்பந்து உலகக் கோப்பை நடந்தது. பஞ்சாயத்து டிவி முன்னால் ஊரே உட்கார்ந்திருந்தது. அந்த டிவியைக் கொண்டுவந்தது எங்கள் ஆட்சியா உங்கள் ஆட்சியா என்று இரண்டு கட்சிக்காரர்களும் ஆட்டம் முடியும்வரை பேசிக்கொண்டிருந்ததால் வர்ணனை யார் காதிலும் விழவில்லை. ஆனால் பத்தாம் நம்பர் சட்டை போட்டு ஓடிய அந்தக் குள்ளமான ஆட்டக்காரரை எல்லோரும் பார்த்தார்கள். டிவி கறுப்பு வெள்ளை. அவருடைய சட்டை வெளிர்நீலமும் வெள்ளையும் கோடு போட்டது என்பது பிறகு பத்திரிகையில் வந்த வண்ணப் படத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது. என் அண்ணன் அந்தப் படத்தைக் கத்தரித்துக் கணக்குப் புத்தகத்தில் வைத்துக்கொண்டான். அந்த வருஷம் அவன் கணக்குப் புத்தகத்தைத் திறந்தது அதற்காக மட்டுமே.

அடுத்த கோடையில் மாமா ஒரு பொட்டலத்துடன் வந்தார். வாசலிலேயே, "அக்கா, மாப்ளைக்கு ஒரு ஜெர்சி கொண்டாந்திருக்கேன்" என்றார்.

அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்து தெருவை இரண்டு பக்கமும் பார்த்தாள். "எங்கடா கட்டியிருக்க? பால் கறக்குதா, சினையா?"

பேங்க் கடனில் ஊருக்கு ஊர் ஜெர்சி மாடு கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது. பொட்டலத்தைப் பிரித்துக் காட்டியதும் அம்மாவின் முகம் விழுந்துவிட்டது. உள்ளே இருந்தது ஒரு பழைய சட்டை. வெளுத்துப்போய், அக்குளுக்குக் கீழே சின்ன ஓட்டையுடன். வெளிநாட்டிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் பழைய துணிகளுக்கு நடுவில் மாமா அதைக் கண்டெடுத்திருந்தார். முதுகில் பத்து என்று எண் இருந்தது. அண்ணன் அதைக் கையில் வாங்காமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றான்.

"பழசுன்னு பாக்காத மாப்ளே. அசல் ஆட்டக்காரங்களுக்குத் தைக்கிற அதே சட்டை. ஒரிஜினல்" என்றார் மாமா.

"ஒரிஜினல்னு எப்படி மாமா தெரியும்?" என்று நான் கேட்டேன். அதுவரை அவரிடம் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை என்று நினைக்கிறேன். சட்டையை மடியில் போட்டுக்கொண்டு சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"முன்பக்கத்தைப் பாத்து வாங்குறவன் ஏமாளி பாப்பா. எதையும் திருப்பிப் பாக்கணும்" என்று ஆரம்பித்தார். மார்பில் இருக்கும் சின்னம் நூலால் பின்னியதாக இருக்க வேண்டும், உட்பக்கம் அந்த நூல்கள் தெரிய வேண்டும். டூப்ளிகேட்டில் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். நகத்தால் சுரண்டினால் ஓரம் எழும்பும். எண்ணைத் தனித்துணியில் வெட்டித் தைத்திருக்க வேண்டும். பெயிண்டால் அச்சடித்திருந்தால் கசக்கும்போது வெடிக்கும், மோந்து பார்த்தால் மண்ணெண்ணெய் வாடை வரும். பக்கவாட்டுத் தையலில் முன்பக்கத்துக் கோடும் பின்பக்கத்துக் கோடும் ஒன்றையொன்று தொட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இடுப்புக்குப் பக்கத்தில் உள்தையலுக்குள் ஒரு சின்ன வெள்ளைத் துண்டு இருக்கும். எப்படித் துவைக்க வேண்டும் என்று அதில் படம் போட்டிருப்பார்கள்.

"கழுத்துப் பட்டையை எல்லாரும் பாப்பாங்க. அதனால அதை டூப்ளிகேட்காரன் ஒழுங்காப் போட்ருவான். இடுப்புல ஒருத்தனும் பாக்க மாட்டான். அதனால அவன் அங்க எதையும் வைக்க மாட்டான். தைக்கிறவனுக்குத் துவைக்கிறவன் மேல அக்கறை இல்லன்னா அது டூப்ளிகேட்."

நான் அன்றிலிருந்து எதையும் நேராகப் பார்ப்பதை விட்டுவிட்டேன். பள்ளிச் சீருடை, அம்மாவின் புடவை, டீச்சரின் கைப்பை என்று எல்லாவற்றையும் திருப்பினேன். தேர்தலில் வந்த இரண்டு கட்சித் துண்டுகளையும் திருப்பிப் பார்த்தேன். கரை மட்டும்தான் வேறு. நூலும் நெசவும் ஒரே தறியில் இறங்கியது போல இருந்தன. இதை மாமாவிடம் சொன்னபோது, "வெளியில சொல்லிடாத" என்றார்.

அம்மா தன் பங்குக்கு அந்த ஓட்டையை என் பாவாடை தைத்து மிஞ்சிய கருநீல நூலால் அடைத்தாள். வெள்ளைக் கோடு மங்கலாக இருக்கிறது என்று சொட்டு நீலத்தில் முக்கியும் எடுத்தாள். காய்ந்தபோது எது கோடு, எது கோடு இல்லை என்று கிட்டப் போனால்தான் தெரிந்தது. அண்ணன் இரண்டு நாள் அம்மாவோடு பேசவில்லை.

ஆற்றில் தண்ணீர் வருவதற்கு முன்னால், வயலெல்லாம் காய்ந்து கிடக்கும் மாதத்தில், எங்கள் ஊரில் ஒரு கால்பந்து ஆட்டம் நடக்கும். எங்கள் வாய்க்கால் தெருவுக்கும் பெரிய தெருவுக்கும் போட்டி. ஆட்டம் நடக்கும் வயல் ஊர் மிராசுதாருடையது. வயல் மட்டுமல்ல, அப்பா குத்தகைக்குச் சாகுபடி செய்த, மூன்று ஏக்கர் வரும் ஒன்பது மா நிலமும் அவருடையதுதான். பெரிய தெரு அணிக்குத் தலைவன் அவருடைய மகன், தஞ்சாவூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறவன்.

அவனும் அன்றைக்கு வெளிர்நீலக் கோடு போட்ட பத்தாம் நம்பர் சட்டையோடுதான் வந்து நின்றான். அது பளபளவென்று இருந்தது. "லண்டன்லேருந்து சித்தப்பா அனுப்புனது" என்று கேட்காதவர்களுக்கும் சொன்னான். பக்கத்தில் என் அண்ணன், கருநீலத் தையலோடு, சாயம் ஏறிய சட்டையில், வெயிலில் காயப்போட்டு மறந்துவிட்ட துணி மாதிரி நின்றான்.

டிரில் வாத்தியார்தான் நடுவர். "ரெண்டு பேரும் ஒரே சட்டைன்னா நான் யாருன்னு பாத்து விசில் ஊதுறது? ஒருத்தர் கழட்டுங்க" என்றார்.

இரண்டு பேரும் கழற்றவில்லை. ஒரிஜினல் வைத்திருப்பவன் போட்டுக்கொள்ளட்டும், டூப்ளிகேட் கழற்றட்டும் என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். பூவரச மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த மிராசுதாரும் தலையாட்டினார். அப்போது அண்ணன் பெருமையோடு கையை நீட்டி, "எங்க மாமா நாகூர்ல கடையில இருக்காரு. அவரைக் கேளுங்க" என்றான்.

மாமா கூட்டத்தின் பின்வரிசைக்கும் பின்னால் இருந்தார். அவ்வளவு தயங்கி அவர் நடந்து வந்ததை நான் பார்த்ததே இல்லை. யாராவது டார்ச் லைட்டைக் காட்டினாலே பாய்ந்து வருகிறவர் அவர். முதலில் அண்ணனின் சட்டையைத் திருப்பினார். பிறகு மிராசுதார் மகனின் சட்டையைத் திருப்பினார். நானும் குனிந்து பார்த்தேன். சின்னத்தின் பின்னால் ஒரு நூல்கூட இல்லை. ஓரம் ஏற்கெனவே எழும்பியிருந்தது. பக்கவாட்டில் நீலக் கோடு வந்து வெள்ளைக் கோட்டில் முட்டி நின்றது. இடுப்புத் தையலில் வெள்ளைத் துண்டு இல்லை. இந்த வழக்கை நானே தீர்த்துவிடுவேன் என்று இருந்தது.

மாமா நிமிர்ந்தார். மரத்தடியை ஒரு தடவை பார்த்தார். மிராசுதார் மகனைக் காட்டி, "தம்பி போட்டிருக்கறதுதாங்க ஒரிஜினல்" என்றார்.

"மாமா, இடுப்புல பாருங்க மாமா" என்று நான் சொன்னேன்.

"பாத்துட்டேன் பாப்பா" என்று சொல்லிவிட்டு அவர் வந்த வழியே போய்விட்டார்.

அண்ணன் சட்டையைக் கழற்றி என்மேல் வீசினான். உள்ளே போட்டிருந்த ஓட்டைப் பனியனோடு ஆடினான். அன்றைக்கு அவன் அடித்த மூன்று கோலும் கோபத்தில் அடித்தவை. எங்கள் தெரு ஜெயித்தது. இதைவிட முக்கியமான சம்பவம் ஆட்டத்தின் பாதியிலேயே நடந்துவிட்டது. வியர்வையில் லண்டன் சட்டை சாயம் விட ஆரம்பித்தது. மிராசுதார் மகனின் கழுத்து, கை, கால்சட்டை எல்லாம் நீலம். முகத்தைத் துடைத்துக்கொண்டபோது முகமும் நீலமாயிற்று. நூறு பேர் பார்த்தார்கள். ஒருவர்கூட அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மிராசுதார் பாதியிலேயே எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் அப்பாவும் மாமாவும் கிணற்றடியில் பேசிக்கொண்டிருந்ததை நான் கேட்டேன்.

"உண்மையைச் சொல்லு மச்சான். எது ஒரிஜினல்?"

"நம்மளதுதான் அத்தான். அந்தப் பையன் போட்டிருந்தது எங்க கடைச் சரக்கு. நான்தான் வித்தேன். ஐயாவே வந்து வாங்குனாரு. பையன்கிட்ட லண்டன்னு சொல்லணும், டப்பா ஏதாவது இருக்கான்னு வேற கேட்டாரு. பிஸ்கட் டப்பா ஒண்ணு குடுத்தேன்."

அப்பா சிரிப்பை அடக்கியது இருமல் மாதிரி வந்தது. பிறகு, "நல்லவேளை, வாயை மூடிக்கிட்ட. புதன்கிழமை ஆபீஸ்ல அவரு வந்து நின்னாத்தான் உண்டு" என்றார்.

புதன்கிழமை பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். குத்தகைக்காரர்களின் பெயரை அரசாங்கப் பதிவேட்டில் எழுத ஒரு சட்டம் இருந்தது. பெயர் ஏறிவிட்டால் லேசில் நிலத்தைவிட்டு இறக்க முடியாது. அதனால்தான் நிறைய மிராசுதார்கள், இவன் குத்தகைக்காரனே இல்லை, கூலியாள் என்று சொல்லிவிடுவார்கள். பக்கத்து ஊரில் அப்படிச் சொல்லி, வயலில் கொடி நட்டு, போலீஸ் வந்து, கோர்ட்டுக்குப் போய், மூன்று போகம் தரிசாகவே கிடந்தது. எங்கள் மிராசுதார் நெல்லை அளந்து வாங்கிக்கொள்வாரே தவிர ஒருநாளும் ரசீது கொடுத்ததில்லை. அப்பாவிடம் ஒரு துண்டுக் காகிதம்கூடக் கிடையாது. விவசாயச் சங்கத்துக்காரர்கள் பலமுறை போய்ப் பேசிய பிறகு, "வர்றேன், பாக்கலாம்" என்று மட்டும் சொல்லியிருந்தார்.

இதையெல்லாம் நான் காதால் கேட்டிருந்தேன். ஆனால் என் மனசில் நின்றது ஒன்றே ஒன்று: மாமாவுக்கு உண்மை தெரிந்திருந்தும் பொய் சொல்லியிருக்கிறார். நான் அவரோடு பேசுவதை நிறுத்தினேன். அவர் வாங்கி வந்த சாக்லேட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்றேன்.

புதன்கிழமை அப்பாவும் மாமாவும் கீழ்வேளூருக்குக் கிளம்பினார்கள். மனு எழுத மாமா. செருப்பு வாங்கித் தருவதாக அப்பா சொல்லியிருந்ததால் நானும். யாருக்கும் தெரியாமல் அண்ணனின் சட்டையை ஒரு மஞ்சள் பையில் சுருட்டி எடுத்துக்கொண்டேன். எதற்கு என்று எனக்கே தெளிவில்லை. ஆபீஸ் என்றால் நியாயம் சொல்கிற இடம் என்று ஒரு நினைப்பு.

அந்த நினைப்பு அங்கே போனதும் உறுதியாகிவிட்டது. அதிகாரி ஒரு நீள மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். ஒவ்வொருவரிடமும் அவர் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்: "ஒரிஜினல் எங்க? ஜெராக்ஸ் வேண்டாம், ஒரிஜினலைக் காட்டுங்க." அதுவரை மாமா ஒருவர்தான் உலகத்திலேயே இந்த வேலையைச் செய்கிறவர் என்று நினைத்திருந்தேன். அரசாங்கமே இதற்கு ஒரு ஆளைப் போட்டிருக்கிறது.

மிராசுதார் வந்தார். அவருக்கு நாற்காலி போட்டார்கள். அப்பாவும் மாமாவும் நின்றார்கள். நான் சுவரோரம் பெஞ்சில் இருந்தேன்.

"இவர் உங்க குத்தகைதாரர்தானா, இல்ல கூலியாளா?" என்று அதிகாரி கேட்டார்.

மிராசுதார் துண்டால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "நம்ம பண்ணையில எத்தனையோ பேரு இருக்காங்க. இவன் அப்பன் காலத்துலேருந்து வந்து போய்க்கிட்டு இருக்கான். அதை என்னன்னு சொல்றது" என்று இழுத்தார்.

அப்பாவின் கை பின்னால் போய் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டது.

"ஏதாவது ஆதாரம் இருக்கா? ரசீது, ஒப்பந்தம், எதுவா இருந்தாலும் சரி. ஒரிஜினல் இருக்கா?" என்று அதிகாரி அப்பாவைக் கேட்டார்.

நான் எழுந்தேன். "சார், ஒரிஜினல் எங்கிட்ட இருக்கு."

அதிகாரிக்கு மகிழ்ச்சி. "கொண்டாம்மா" என்றார். நான் மஞ்சள் பையை அவிழ்த்து, அந்தச் சட்டையை அவருடைய ஃபைல்களுக்கு மேல் விரித்தேன்.

மாமா தலைக்கு மேல் சுற்றிய மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார், ஒரிஜினலா என்று சந்தேகப்படுகிற மாதிரி.

"என்னம்மா இது?"

"ஒரிஜினல் சார். சின்னத்துல நூல் இருக்கு பாருங்க. கோடு கோட்டைத் தொடுது. ஆனா ஆட்டத்தன்னிக்குப் பெரிய வீட்டு அண்ணனோடதுதான்..."

"சின்னப் புள்ளைங்க வயல்ல விளையாடற பனியன் சார்" என்று மிராசுதார் குறுக்கே வந்தார். எட்டிச் சட்டையை எடுத்துக்கொண்டார். ஒளித்துவிடப் போகிறார் என்று பயந்தேன். அவர் ஒளிக்கவில்லை. சட்டையைத் திருப்பினார். சின்னத்தின் ஓரத்தை நகத்தால் ஒருமுறை சுரண்டினார். முதுகிலிருந்த எண்ணைத் தடவிப் பார்த்தார். பிறகு கை தானாக இடுப்புத் தையலுக்குப் போய் அந்த வெள்ளைத் துண்டை வெளியே எடுத்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை வெகுநேரம் பார்த்தார். இவருக்கு யார் இதெல்லாம் சொல்லிக் கொடுத்தது என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

அவர் தலையைத் தூக்கி மாமாவைப் பார்த்தார். மாமா மின்விசிறியிலிருந்து கண்ணை இறக்கவில்லை.

"நல்ல சட்டை" என்றார் மிராசுதார். ஒழுங்காக மடித்துப் பையில் போட்டு என்னிடம் கொடுத்தார். "பத்திரமா வச்சுக்கம்மா. வெளியில எடுத்துக்கிட்டுத் திரியாத."

பிறகு அதிகாரியின் பக்கம் திரும்பினார். "எழுதிக்குங்க சார். இவருதான் சாகுபடி பண்றாரு. பதினாலு வருஷமா குத்தகை. எனக்கு ஆட்சேபணை கிடையாது."

அவர் எங்கள் அப்பாவை "இவரு" என்று சொல்லி அதற்குமுன் நான் கேட்டதில்லை.

ஏன் அப்படிச் சொன்னார் என்பதற்கு எங்கள் வீட்டில் பின்னாளில் ஆளுக்கொரு விளக்கம் இருந்தது. தான் அன்று கட்டிக்காத்த மானத்துக்குக் கைம்மாறு என்பார் மாமா. நான் இன்னும் இரண்டு வார்த்தை பேசியிருந்தால் கீழ்வேளூர் முழுக்கச் சிரித்திருக்கும், அந்தப் பயம்தான் என்பாள் அம்மா. அப்பா மட்டும், "அவரு சொல்லத்தான் வந்தாரு. வாய் வரல, அவ்வளவுதான்" என்பார்.

எனக்கு அன்றைக்கு இந்தச் சந்தேகமே இல்லை. மிராசுதார் தன் கையாலேயே பரிசோதித்து, நல்ல சட்டை என்று ஒப்புக்கொண்டுவிட்டார். அதிகாரியும் பெரிய பதிவேட்டைத் திறந்து நிதானமாக எழுத ஆரம்பித்தார். எங்கள் சட்டைதான் ஒரிஜினல் என்று அரசாங்கம் எழுதுகிறது என்று நான் முழுமனதோடு நம்பினேன். மாமாவை மன்னித்துவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

எழுதி முடித்ததும் அதிகாரி பதிவேட்டை அப்பாவின் பக்கம் திருப்பி, "இங்க கையெழுத்துப் போடுங்க" என்றார். அப்பா வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினார். என்னுடைய ரேங்க் கார்டில் ஒரே இழுப்பில் போட்டுவிட்டு வயலுக்கு ஓடுகிறவர், அன்று ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். முதல் எழுத்தை எழுதிவிட்டு நிறுத்தினார். அதற்குப் பக்கத்தில் ஏற்கெனவே எழுதியிருந்த வயலின் சர்வே எண்ணைப் படித்தார். மறுபடி அடுத்த எழுத்து. முழுப் பெயரையும் முடிக்காமல் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்கள் கலங்கியிருந்தன. மிராசுதார் ஜன்னல் பக்கம் பார்த்தார், அதிகாரியும் அவசரப்படுத்தவில்லை.

பேனாவில் மை தீர்ந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து, நான் ஓடிப்போய் என்னுடையதை நீட்டினேன்.